ரோஸ்வித்தா இரண்டு தட்டு தட்டிய பீப்பாய்

புர்க்கார்டின் நாக்கில் ஒரு குறை இருந்தது. ஒயின் போட்டுப் பிழைக்கிற மனிதனுக்கு இருக்கவே கூடாத குறை. அவருக்கு எலி தெரியாது.

வளையில் ஓடுகிற எலியைச் சொல்லவில்லை. கெடாமல் இருக்கப் போடுகிற கந்தகத்தைப் போடாமல், எதுவும் கலக்காமல் விடுகிற ஒயினில் சில வருஷம் ஒரு கெடுதல் வந்து உட்கார்ந்துகொள்ளும். முகர்ந்தால் தெரியாது. வாயில் வைத்தாலும் தெரியாது. விழுங்கிவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று சொல்ல வாயெடுக்கும்போது தொண்டையின் அடியிலிருந்து எழும்பி வரும், எலி குட்டி போட்ட பழைய சாக்கின் நாற்றம். வந்தால் லேசில் போகாது. இதில் வேடிக்கை, அது எல்லோருக்கும் தெரிவதில்லை. அவரவர் எச்சிலைப் பொறுத்தது என்கிறார்கள். ஒருவர் முகத்தைச் சுளித்துக் கோப்பையைத் தள்ளிவைக்கிற அதே ஒயினை, பக்கத்தில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் குடிப்பார். புர்க்கார்ட் இரண்டாவது ரகம்.

முதன்முதலாகக் கந்தகம் இல்லாமல் போட்ட ஒயினை அவர் ஆற்றங்கரைச் சத்திரத்துக்குப் பெருமையாக அனுப்பிவைத்தார். சத்திரக்காரர் மறுவாரமே பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார். பக்கத்துத் தோட்டத்து ஓட்மார்தான் ஏதோ கோள் மூட்டிவிட்டான் என்று புர்க்கார்ட் வீட்டுக்குள் குதித்தார். அவர் மனைவி ரோஸ்வித்தா ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"ஓட்மார ஏன் திட்டுற? உள்ள எலி குடும்பம் நடத்திட்டு இருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே, ரோசி."

"உனக்குத் தெரியலன்னா எலி இல்லன்னு ஆயிடுமா?"

அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் நாக்கு என்றால் அது ரோஸ்வித்தாவின் நாக்குதான்.

புர்க்கார்ட் பிடிவாதக்காரர். ஆனால் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் ஒரு ஜூன் மாதம், மருந்தடித்த கொடிகளில் இலை கிள்ளப் போன ரோஸ்வித்தா முழங்கை வரை கொப்புளத்தோடு வீடு திரும்பினாள். அந்தக் கைகளுக்குக் களிம்பு தடவிக்கொண்டே, இனி இந்த விஷம் நம் தோட்டத்துக்குள் வராது என்று அவர் சொன்னார். சொன்னதைச் செய்தார். மைன் நதிக்கு மேலே சுண்ணாம்புக் கல் சரிவில் இருந்த அவருடைய சில்வானர் என்கிற வெள்ளைத் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே புல் இடுப்பளவு வளர்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஓட்மாரின் தோட்டம் முகச்சவரம் செய்த மாதிரி இருந்தது.

"உன் தோட்டத்துக்குள்ள போன முயலு வழி தெரியாம நிக்குது. போய் வெளியில விட்டுட்டு வா" என்பார் ஓட்மார்.

"உன் தோட்டத்துல முயலே இல்லையேப்பா. பாவம், பட்டினி கிடந்தே செத்திருக்கும்" என்பார் புர்க்கார்ட்.

முப்பது வருஷமாக இப்படித்தான். ஓட்மார் ஒரு நாள்கூடப் புர்க்கார்டின் ஒயினை நல்லது என்று சொன்னதில்லை. நன்றாக இருந்தால் "குடிச்சா சாக மாட்டோம்" என்பார். அதுதான் அவர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கழித்ததில்லை.

நிலவறைக்குள்ளும் புர்க்கார்ட் கையைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார். கடையில் விற்கிற ஈஸ்ட் வாங்க மாட்டார். திராட்சைத் தோலோடு வந்தது எதுவோ அது புளிக்க வைக்கட்டும் என்பார். வடிகட்ட மாட்டார். பழைய ஓக் பீப்பாய்களில் சாறு தன் இஷ்டத்துக்குக் கொதித்து, தன் இஷ்டத்துக்கு அடங்கும். கடைசியில் குப்பியில் அடைக்கும் முன் துளிக் கந்தகம் போடலாமா வேண்டாமா என்பதில்தான் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஆயுள் முழுக்கச் சண்டை. அவருக்கு ஒரு சிட்டிகையும் கூடாது. அவளுக்கு அவர் கொள்கையைவிட ஒயின் முக்கியம்.

"உன் கொள்கைய குப்பியில ஊத்தி வித்தா எவன் குடிப்பான்?" என்று கேட்பாள்.

அதனால் மார்ச் மாதத்தில் ஒரு நாள் இருவரும் நிலவறைக்குள் இறங்குவார்கள். புர்க்கார்ட் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி அவள் கோப்பையில் விடுவார். ரோஸ்வித்தா ஒரு வாய் விழுங்குவாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையைப் பீப்பாயின் மேல் வைத்தபடி நிற்பாள். எலி வரும் என்றால் அந்த நேரத்தில்தான் வரும். புர்க்கார்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்ப்பார். மூக்கு சுருங்கினால் கந்தகம். சுருங்காவிட்டால் அவள் விரல் முட்டியால் பீப்பாயில் இரண்டு தட்டு தட்டுவாள். தட்டிய பீப்பாயில் எதுவும் போட வேண்டாம். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ பீப்பாய் அப்படித் தேறும். அந்த இரண்டு தட்டைக் கேட்கத்தான் புர்க்கார்ட் வருஷம் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தார் என்று சொன்னால் மிகையில்லை.

சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து வாயைக் கொப்பளித்துவிட்டுக் குடித்தால் அவருக்கும் எலி தெரியும் என்று யாரோ சொன்னதை ரோஸ்வித்தா ஒரு முறை அவரிடம் சொன்னாள்.

"உன் நாக்கு இருக்கும்போது எனக்கு எதுக்கு சோடா?" என்று கேட்டு அதோடு அவர் அதை விட்டுவிட்டார்.

ரோஸ்வித்தாவுக்கு வயிற்றில் கட்டி என்று ஒரு கோடைக்காலத்தில் தெரிந்தது. செப்டம்பரில் அறுவடை. அவளை வீட்டில் உட்காரவைக்க யாராலும் முடியவில்லை. மேல்சரிவில் இருந்த பழைய கொடிகளின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டிய குலைகளை நறுக்கினாள். எட்டாதவற்றைக் கத்தரிக்கோலால் சுட்டிக்காட்டிப் புர்க்கார்டை விரட்டினாள். அந்த மேல்சரிவுச் சாறு தனியாக ஒரு பீப்பாய்க்குப் போனது.

குளிர்காலம் முழுக்கக் கீமோ. தலைமுடி போனது, இமை முடி போனது. அவள் தங்கை கெர்லிண்ட பக்கத்து ஊரிலிருந்து வந்து கூடவே தங்கினாள். சூப் வைத்துக் கொடுத்தாள், தலையணையைத் திருப்பிப் போட்டாள். புர்க்கார்ட் கொடிகளைக் கவாத்து செய்யப் போய்விட்டு வருவார், வாசலிலேயே காலணியைக் கழற்றுவார், கெர்லிண்டவின் முகத்தைப் பார்த்து அன்றைய நாள் எப்படி என்று தெரிந்துகொள்வார். வாயால் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

மார்ச் வந்தது. இந்த வருஷம் நிலவறைக்குப் போக வேண்டாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவளே மேல்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"டாக்டர் வேண்டாம்னாரே, ரோசி."

"பீப்பாய்க்கு ஒரு வாய். அதுல செத்துட மாட்டேன். பிடி கைய."

படி இறங்க நேரமாயிற்று. முதல் பீப்பாய். விழுங்கினாள், கண்ணை மூடினாள், கையை வைத்தாள். மூக்கு சுருங்கியது. "போடு" என்றாள். அடுத்ததற்கும் அதே. அதற்கடுத்ததற்கும். அந்தச் செப்டம்பர் சூடு அதிகம், பழத்தில் புளிப்பு குறைவு, புளிப்பு குறைந்தால் எலி வரத்தான் செய்யும் என்று புர்க்கார்ட் தலையைத் தொங்கப்போட்டார். கடைசியாக மேல்சரிவுப் பீப்பாய். அவள் விழுங்கிவிட்டு வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். விழுந்துவிடப் போகிறாள் என்று பயந்து அவர் தோளைப் பிடிக்கப் போனார். அப்போது அவள் இரண்டு தட்டு தட்டினாள்.

"கந்தகம்?"

"வேண்டாம். இத உன் இஷ்டத்துக்கு விடு."

புர்க்கார்டுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் வேலியோரம் ஓட்மாரைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்.

"அவ நாக்கு அப்படியே இருக்குடா. கத்தி மாதிரி. நாக்கு இப்படி இருக்கிறவ செத்துப் போவாளா? பொழச்சுக்குவா, நீ பாரு."

ஓட்மார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "பொழைக்கட்டும்ப்பா" என்றார்.

மே மாதத்தில் ரோஸ்வித்தா இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு புர்க்கார்ட் ஒரு வருஷத்தை எப்படிக் கழித்தார் என்று கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது. கொடி தழைத்தது, புல் வளர்ந்தது, அறுவடை வந்தது, அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். அடுத்த மார்ச்சில் தனியாக நிலவறைக்குள் இறங்கி, தட்ட ஆளில்லாததால் எல்லாப் பீப்பாயிலும் கந்தகத்தைப் போட்டுவிட்டு ஏறி வந்தார். சாகிற மனிதருக்கு மருந்து கொடுக்கிற மாதிரி இருந்தது என்று பிறகு கெர்லிண்டவிடம் சொன்னார்.

அவருக்கு மிச்சம் இருந்தது மேல்சரிவு ஒயின்தான். ஒரு சிட்டிகையும் சேராதது, அவள் கையால் நறுக்கியது, அவள் தேற்றிவிட்டுப் போனது. அதை அவர் ஒருவருக்கும் விற்கவில்லை. பெர்லினில் கடை வைத்திருந்த தாடிக்காரர் மாதா மாதம் போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய வருஷ நினைவு நாளில் ஊருக்கு முதலில் ஊற்றுவது, அதற்குப் பிறகுதான் வெளியே அனுப்புவது என்று புர்க்கார்ட் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்து ஒயினுக்கே உரிய, வயிறு பருத்த தட்டைக் குப்பிகளில் அவள் பெயரை மட்டும் அச்சடித்து ஒட்டினார். உயிரோடு இருந்தவரை அவள் அதற்குச் சம்மதித்ததில்லை. என் பேரைக் குப்பியில் ஒட்டினால் நான் செத்துவிட்டேன் என்று ஊர் நினைக்கும் என்பாள்.

அவ்வப்போது ஒரு குப்பியைத் திறந்து அவர் குடித்தும் பார்த்தார். பேரிக்காய் வாசம், ஈரக் கல்லின் வாசம், கடைசியில் லேசான உப்பு. இத்தனை வருஷத்தில் இதுதான் நாம் போட்டதில் உயர்ந்தது என்று அவருக்குத் தோன்றியது. சமையல் சோடா அவர் நினைவுக்கு வராமல் இல்லை. அலமாரியில்தான் இருந்தது. ஆனால் அதை எடுப்பது ரோசியின் பேச்சைச் சந்தேகப்படுவது ஆகும். அவர் எடுக்கவில்லை.

நினைவு நாள் வந்தது. கோயிலில் காலைப் பூசை முடிந்து எல்லோரும் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். வாதுமை மரத்தடியில் நீளமாக மேசை போட்டிருந்தது. கெர்லிண்ட வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுகளைத் தோல் சீவி அவித்து, உருகிய வெண்ணெயும் உருளைக்கிழங்கும் பன்றித்தொடையும் வைத்திருந்தாள். மே மாதத்தில் சில்வானர் ஒயினுக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு கிடையாது. புர்க்கார்ட் கோட்டு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கோப்பையிலும் தன் கையாலேயே ஊற்றினார்.

"ரோசிக்கு" என்றார்.  

எல்லோரும் குடித்தார்கள். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அந்த அமைதியைத் துக்கம் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். பங்குச் சாமியார் தண்ணீர் கேட்டார். சத்திரக்காரர் மனைவி அவசரமாக ஒரு உருளைக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டாள். புர்க்கார்ட் அந்த ஊரில் அறுபத்தைந்து வருஷமாக இருப்பவர், ஆனாலும் ஒன்றும் கவனிக்கவில்லை. அப்போது ஓட்மார் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ரொம்ப நல்லா இருக்குப்பா, புர்க்கார்ட். அருமையான ஒயின்."

புர்க்கார்டின் கையிலிருந்த குப்பி அப்படியே நின்றது. முப்பது வருஷத்தில் ஓட்மார் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அவர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். கோப்பைகள் ஏறக்குறைய நிறைந்தபடியே இருந்தன. எல்லோரும் அஸ்பாரகஸை மும்முரமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். 

அவர் ஓட்மாரைத் தோளில் தொட்டுக் கிணற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"எலியா?"

ஓட்மார் தன் காலணியைப் பார்த்தார்.

"கேட்கிறேன்ல? எலியாடா?"

"இன்னிக்கு எதுக்குப்பா அந்தப் பேச்சு."

"இருக்கா இல்லையா?"

"இருக்கு." ஓட்மாருக்கு முகம் சிவந்துவிட்டது. "நிறையவே இருக்கு. ரெண்டு மூணு வருஷம் படுக்கப் போட்டா சில சமயம் போயிடும்ங்கிறாங்க. போகாமலும் போகலாம்."

"அவ குடிச்சுப் பார்த்தாடா. என் கண்ணு முன்னாடி. தட்டினா."

"குப்பியில அடைச்ச பிறகு வந்திருக்கும். வரும் அப்படி."

ஓட்மார் நல்ல மனிதர். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு புர்க்கார்ட் மிச்ச நாளைத் தள்ளியிருக்கலாம். விருந்தாளிகள் ஒவ்வொருவராக அவர் கையை வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்துக்கொண்டு விடைபெற்றார்கள். அவர் எல்லோருக்கும் தலையாட்டினார். பிறகு மிச்சக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோனார். கெர்லிண்ட தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் எலி தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"ம்."

"குப்பிக்குள்ள போன பிறகு வந்திருக்கும். பீப்பாயில இருந்தப்ப இல்ல. ரோசி நாக்கு தப்பாது."

 கெர்லிண்ட ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் புர்க்கார்டுக்கு ஏதோ உறைக்கத் தொடங்கியது.

"கெர்லிண்ட."

"அவளுக்கு நாக்கே இல்ல, புர்க்கார்ட்." அவள் திரும்பவில்லை. "கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே போயிடுச்சு. அந்த மருந்து ஏத்தினதுல. என்ன குடுத்தாலும் இரும்பு நக்கின மாதிரி இருக்குன்னா. நான் சூப்புல உப்பு போட மறந்தா அவளுக்குத் தெரியாது. ரெண்டு தடவ போட்டாலும் தெரியாது."

"நிலவறையில குடிச்சாளே."

"குடிச்சா. தண்ணி குடிக்கிற மாதிரி குடிச்சா."

"மத்ததுக்கெல்லாம் மூக்கைச் சுருக்கினாளே."

"எது நல்லது எது கெட்டதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லாத்துக்கும் போடுன்னு சொல்லிட்டா ஒயினு தப்பிச்சுக்கும். ஆனா எல்லாத்துக்கும் போடச் சொன்னா நீ கண்டுபிடிச்சிருவே. அதான் ஒண்ணே ஒண்ண உனக்குன்னு விட்டா. முந்தின நாள் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் இறங்கினா. அது நல்லபடியா வரணும்னு வேண்டிக்கச் சொன்னா. நானும் வேண்டிக்கிட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நாக்கு போச்சுன்னு தெரிஞ்சா அவன் அன்னிக்கே உடைஞ்சு போயிடுவான், அப்புறம் நான் அவனுக்கு ஆறுதல் சொல்லிட்டுக் கிடக்கணும், எனக்குத் தெம்பில்லன்னா. கோவிச்சுக்காத. அவ சொன்னத அப்படியே சொல்றேன்."

புர்க்கார்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வரவில்லை. ஓட்மாரிடம் வேலியோரம் நின்று, அவள் பிழைத்துக்கொள்வாள் என்று மார்தட்டியது நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு தட்டை வைத்துக்கொண்டு அவர் மார்ச் முழுக்க, ஏப்ரல் முழுக்க நிம்மதியாகத் தூங்கினார். அவளும் அதைத்தான் விரும்பியிருக்கிறாள். நாற்பது வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துப் பழகியவர், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் தெரியாமல் அவள் நின்றதைக் கண்டுபிடிக்கவில்லை. எலி தெரியாதது ஒரு குறையா என்ன, இதல்லவா குறை என்று தோன்றியது அவருக்கு.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். அலமாரியைத் திறந்து சமையல் சோடா டப்பாவை எடுத்தார். மூடியில் ரோஸ்வித்தாவின் மாவுக் கைரேகை காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு கரண்டியைத் தண்ணீரில் கலக்கி வாய் நிறைய வைத்துக் கொப்பளித்தார்.

"என்ன பண்ற?"

"அவ சொன்ன வைத்தியம்."

துப்பிவிட்டு, மேசையில் இருந்த குப்பியிலிருந்து ஊற்றி ஒரு வாய் விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். கைக்குப் பீப்பாய் இல்லாததால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பேரிக்காய் வந்தது, கல் வந்தது, உப்பு வந்தது. பிறகு, தொண்டையின் அடியிலிருந்து, அது வந்தது.

அவர் முகம் கோணியதைப் பார்த்துக் கெர்லிண்ட துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"துப்பிடு. தொட்டியில துப்பு."

அவர் தலையை ஆட்டினார். இப்படியா நாறும் இது? இத்தனை வருஷமும் மார்ச் மாதம் மார்ச் மாதம் பீப்பாய் பீப்பாயாக இதையா அவள் வாயில் வாங்கிக்கொண்டாள்? மூக்கைச் சுருக்கியதற்கே அவர் முறைத்திருக்கிறார். கொள்கை பேசியிருக்கிறார். அவள் மறுபடி அடுத்த பீப்பாய்க்குக் கோப்பையை நீட்டியிருக்கிறாள். நினைக்க நினைக்கக் கண்ணீர் கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"பெர்லின்காரனுக்கு என்ன சொல்லுவ?" என்று கேட்டாள் கெர்லிண்ட, எதையாவது கேட்க வேண்டுமே என்று.

"இது விக்கிறதுக்கு இல்லன்னு சொல்லுவேன்."

"கொட்டிடப் போறியா?"

"கொட்டவா? அவ எனக்குன்னு விட்டது."

கெர்லிண்ட அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். கழுவிவைத்த கோப்பை ஒன்றை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"எனக்கும் ஊத்து."

"உனக்குத்தான் சோடா இல்லாமலே தெரியுமே."

"தெரிஞ்சா என்ன. ஊத்து."

இருவரும் குடித்தார்கள். கெர்லிண்ட ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளித்தாள், ஆனாலும் கோப்பையை முடித்தாள். பிறகு ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

அந்தச் சுவை போக வெகுநேரமாயிற்று. அது தானாகப் போகும்வரை புர்க்கார்ட் தண்ணீரைத் தொடவில்லை.